சும்மாதான் கேட்டேன்

கல்லூரியில் மொழியியல் நடத்துகிறேன். ஆண்டுதோறும் மலினோவ்ஸ்கியைச் சொல்லிக் கொடுக்கிறேன். நம் பேச்சில் ஒரு பகுதி செய்தி சொல்வதற்கானதல்ல, உறவைப் பேணுவதற்கானது என்று 1923இல் எழுதியவர். “சாப்பிட்டாச்சா?”, “எங்க கிளம்பிட்டீங்க?” போன்றவை அந்த வகை. சும்மா கேட்பது. மாணவிகள் குறித்துக்கொள்வார்கள்.

கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து என்னையும் சும்மா ஒன்று கேட்டார்கள். “என்ன, விசேஷம் உண்டா?” மண்டபத்தில், பஸ் ஸ்டாப்பில், ஒருமுறை இழவு வீட்டில்கூட. கணவர் பக்கத்திலேயே நிற்பார். அவரிடம், “வேலையெல்லாம் எப்படிப் போகுது மாப்பிள்ளை?” என்னிடம் வரும்போது கண் வயிற்றுக்கு இறங்கிவிடும். முகம் சுளித்தால், “சும்மாதானேம்மா கேட்டேன்.”

சும்மா கேட்டதென்றால் என் பதில் அன்று மாலைக்குள் மூன்று வீடுகளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

மலினோவ்ஸ்கியை விட நன்னூலார் இங்கே உதவுகிறார். வினா ஆறு வகை என்று பள்ளியில் படித்தோமே, அதில் கடைசி ஏவல் வினா. கேட்பதுபோலக் கேட்டு, செய் என்று ஏவுவது. விசேஷம் உண்டா என்றால் சீக்கிரம் பெற்றுக்கொடு என்று பொருள். ஏவப்படுகிறவள் பெண் மட்டுமே. ‘மலடன்’ என்ற சொல் அகராதியில் இருக்கிறது; எந்த மண்டபத்திலாவது உங்கள் காதில் விழுந்திருக்கிறதா? ஆணின் உடலும் காரணமாக இருக்கலாம் என்பது மருத்துவத்தில் எப்போதோ தெரிந்த விஷயம். எங்கள் வீட்டில் எல்லாப் பரிசோதனைகளும் எனக்கு முடிந்த பிறகுதான் அவருக்கு ஒன்று எடுத்தார்கள்.

“பெண்களேதானே பெண்களைக் கேட்கிறார்கள்” என்றார் உடன் வேலை பார்க்கும் ஒருவர், சிரித்துக்கொண்டே. ஆமாம். ஊருக்குப் பதில் சொல்கிற வேலை மாமியாருக்கும் அத்தைக்கும் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ஆண்கள் திண்ணையில் மழையைப் பற்றிப் பேசலாம். உண்மையிலேயே சும்மா பேச வாய்த்தவர்கள் அவர்கள்தான்.

நாலாம் வருடம் ஒரு வளைகாப்பு. நலங்கு வைக்க என்னைக் கூப்பிடவில்லை. பந்தியில் பக்கத்து இலையிலிருந்த பெரியம்மா கேட்டார், “உனக்கு ஏதும் விசேஷம்…?”

வழக்கமாகச் சிரித்து மழுப்புவேன். அன்று முடியவில்லை. “இருந்துச்சு பெரியம்மா. ரெண்டு தடவை. ரெண்டும் நிக்கல.”

எதிர்வரிசையில் பேச்சு நின்றுவிட்டது. ஒருத்தி எழுந்து கை கழுவப் போனாள். உறவைப் பேணத்தான் கேட்டார்கள் என்றால், உண்மையான ஒரு பதிலுக்கு அந்த உறவு ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லையே.

பெரியம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தலை நிமிராமல், “எனக்கும் மூத்தது அஞ்சு மாசத்துல போச்சு” என்றார். “உங்க பெரியப்பாகிட்டகூட அதைப் பத்தி நான் பேசினதில்ல.”

இருபத்தைந்து வருடமாக அவரைத் தெரியும். பார்க்கும்போதெல்லாம் ஏதாவது பேசியிருக்கிறோம்.