ஸ்டாக் இருக்கு!

'ஸ்டாக்' என்றதும் நம் விருத்தாசலத்துக்காரருக்கு ஞாபகம் வருவது ரேஷன் கடைதான். சர்க்கரை ஸ்டாக் இல்லை, நாளைக்கு வா! அமெரிக்காவில் அதே வார்த்தையில் ஒரு ரேஸ் இருக்கிறது சார். ஸ்டாக் கார் ரேஸ். கடையில் ஸ்டாக் இருக்கிற, லோன் கிடைத்தால் நீங்களும் நானும்கூட வாங்கக்கூடிய காரை வைத்து ஆரம்பித்த பந்தயம். பிற்பாடு மேல் தோல் மட்டும்தான் கடைக்கார் மாதிரி. உள்ளே எல்லாமே ரேஸுக்கென்று செய்தது.

இதன் பூர்வீகம் சாராயம். தென் மாநில மலைகளில் திருட்டுத்தனமாகக் காய்ச்சியதை ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்குள் இறக்க, சாதாரண கார் இன்ஜினை நோண்டி போலீசுக்கு டிமிக்கி கொடுக்கிற வேகம் ஏற்றினார்கள். புதுச்சேரி பார்டர் பக்கத்தில் குடியிருக்கும் நமக்கு இதை விளக்கணுமா என்ன? யார் வண்டி ஃபாஸ்ட் என்று அவர்களுக்குள் போட்டி வந்தது. 1948-ல் 'நாஸ்கார்' என்று ஒரு அமைப்பு உருவாகி, பந்தயத்துக்குக் கணக்கு வழக்கு வந்தது.

இந்த முரட்டு ஆட்டத்தில் 2010-ல் ஒரு கோயமுத்தூர்க்காரர் இறங்கினார். நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். ஒரே சீசன்தான், அதற்கப்புறம் அங்கே டெஸ்ட் டிரைவர் வேலை, ரேஸ் சீட் இல்லை. மானேஜர் நாற்காலியில் உட்கார்ந்தவரை 33 வயதில் அப்ரண்டிஸாகக் கூப்பிட்டால் நாம் போவோமா? மெடிக்கல் லீவ் போடுவோம். நரேன் போனார். அதுவும் காருக்கு இல்லை, நாஸ்காரின் பிக்-அப் டிரக் பிரிவுக்கு!

மார்ச் மாதம், வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்வில். பேப்பர் கிளிப் வடிவத்தில் குட்டி டிராக். ஒரு சுற்று 850 மீட்டர்கூட வராது. அதில் 250 சுற்று, எல்லாம் இடது பக்கமே திருப்பம். ஃபார்முலா ஒன்னில் லேசாக உரசினாலே விசாரணைக் கமிஷன். இங்கே முன்னால் போகிறவன் வழிவிடவில்லையா, பம்பரால் பின்னாலிருந்து ஒரு தள்ளு. கடலூர் ரோட்டில் ரெண்டு பிரைவேட் பஸ் முந்திக்கொள்வதைப் பார்த்தவர்களுக்குப் புதுசில்லை. ஒரே வித்தியாசம், அங்கே டிக்கெட் எடுத்தவர்கள் வெளியே பத்திரமாக உட்கார்ந்திருப்பார்கள்.

நரேன் பதிமூன்றாவதாக முடித்தார். 'ப்ச், பதிமூணா?' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். அதுவரை வாழ்நாளெல்லாம் இடிக்காமல் ஓட்டக் கற்றவர், அதே ஆட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு நடுவே இடி வாங்கி, வண்டியை முழுசாகக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த சீசனில் ஒரு ரேஸும் ஜெயிக்கவில்லை. ஆனால் டிரக் பிரிவின் மிகப் பிரபலமான டிரைவராக ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது அவரைத்தான். (ஓட்டுப் போடுவதில் நம்மாட்களின் கைவரிசை தெரியாதா!) 2011-ல் மறுபடி ஃபார்முலா ஒன். அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்தியன் கிராண்ட் பிரியில் 17-வது இடம்.

நம் பீங்கான் தொழிற்பேட்டை நண்பரிடம் இதையெல்லாம் ஆவேசமாகச் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டவர், ''அந்த டிரக்கில் எத்தனை ஸ்பார்க் பிளக்?'' என்றார்.

''எட்டு சிலிண்டர், எட்டு பிளக்.''

''பிளக்கோட வெள்ளைக் கழுத்து பீங்கான்தானே? அப்ப அதுல பாதி நம்ம டிபார்ட்மென்ட்டு!''