ஒரே அடுப்பில் எத்தனை சமையல்?

ஆசையோடு காத்திருக்கும் வீடியோ விளையாட்டு, "சொன்ன மாசத்தில் வராது" என்று தள்ளிப் போய்விட்டால், பிள்ளைகள் வீட்டையே இரண்டு பண்ணிவிடுகிறார்கள்! "கோடி கோடியாகப் பணம் வைத்திருக்கும் கம்பெனிக்குச் சொன்ன நாளில் முடிக்கத் தெரியாதா?" என்று நாமும் கேட்கிறோம். உள்ளே புகுந்து பார்த்தால், நமக்கு நன்றாகத் தெரிந்த சமாசாரம்தான் அங்கேயும் நடக்கிறது.

ஒவ்வொரு விளையாட்டுக்கும் அடியில் 'என்ஜின்' என்று ஒன்று உண்டு. இரும்பு யந்திரம் அல்ல, கம்ப்யூட்டருக்கான மென்பொருள். திரையில் வெளிச்சம் விழுவதும், மனிதர்கள் நடப்பதும் அதனால்தான். சமையலறைக்கு அடுப்பும் அம்மியும் போல என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

ஸ்வீடனில், ஸ்டாக்ஹோம் நகரத்து 'டைஸ்' ஸ்டூடியோ, துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்காக 'ஃப்ராஸ்ட்பைட்' என்ற என்ஜினைச் செய்தது. 2008-ம் வருஷம் அது முதலில் வெளிவந்தது. பார்க்க வெகு அழகு! அதன் முதலாளியான அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி, தன் மற்ற ஸ்டூடியோக்களுக்கும் அதையே கொடுத்தது. வெளியாருக்குக் கட்டணம் மிச்சம். ஒருவர் செய்த திருத்தம் எல்லோருக்கும் உதவும். கணக்கு சரிதானே?

ஆனால் கனடாவிலுள்ள 'பயோவேர்' ஸ்டூடியோ செய்வது கதை விளையாட்டு. கதாநாயகனின் மூட்டை முடிச்சுகளுக்கு இடம் வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர வசதி வேண்டும். இவையெல்லாம் அந்த என்ஜினில் இல்லை. தோசைக்கு மாவு கரைத்தவளிடம் இட்லிப் பானையைக் கொடுத்த கதைதான்! எல்லாவற்றையும் அவர்களே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. 'டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்' 2014 அக்டோபரிலிருந்து நவம்பருக்குத் தள்ளிப் போனாலும், வந்ததும் பரிசு வாங்கியது. 2017-ல் வந்த 'மாஸ் எஃபெக்ட்: ஆன்ட்ரோமெடா'வில் பாத்திரங்களின் முகபாவத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. 'ஆன்தெம்' 2018-ல் வரவேண்டியது, 2019 பிப்ரவரியில்தான் வந்தது, வந்தும் எடுபடவில்லை.

என்ஜினில் கோளாறு என்றால் உதவி கிடைத்ததா? 2016-ல் 'ஃபிஃபா' கால்பந்து விளையாட்டும் இதே என்ஜினுக்கு மாறிவிட்டது. அதிகம் விற்கும் பிள்ளைக்கே முதல் பந்தி என்றாகிவிட்டதாக 2019-ல் வந்த பத்திரிகைச் செய்தி சொல்லிற்று. வேலைப் பளு தாங்காமல், டாக்டர் யோசனைப்படி லீவு எடுத்தவர்கள் அநேகராம். பழி முழுவதையும் என்ஜின் தலையில் போடுவதும் நியாயமில்லை. 'ஆன்தெம்' எப்படிப்பட்ட விளையாட்டு என்பதையே மேலிருந்தவர்கள் நெடுநாள் முடிவு செய்யவில்லை.

"ஆளுக்கொரு அடுப்பு வைத்துக் கொண்டால் என்ன?" என்கிறீர்களா? போலந்தின் சி.டி. ப்ராஜெக்ட் கம்பெனி சொந்த என்ஜினில்தான் 'சைபர்பங்க் 2077' செய்தது. 2020-ல் மூன்று முறை தள்ளிப் போட்டும் குறைகளோடு வந்து, ஸோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. 2022-ல் அவர்களும் பலர் உபயோகிக்கும் 'அன்ரியல்' என்ஜினுக்கு மாறப் போவதாக அறிவித்தார்கள்.

ஆகவே, பொதுவில் வைத்துக் கொள்வது தப்பில்லை. ஆனால் பாத்திரம் வாங்குமுன் சமைக்கிறவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமோ? கேட்காமல் வாங்கிக் கொடுத்துவிட்டு, "இன்னும் இலை போடவில்லையா?" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தால் ஆகுமா, நீங்களே சொல்லுங்கள்!