பூனை நூலை விழுங்கிவிட்டால்...

திருப்பூரில் பவர்டேபிள் ஓடும் வீட்டில் பூனைக்கென்று தனியாக விளையாட்டுச் சாமான் வாங்க வேண்டியதில்லை. ஓவர்லாக் மெஷினுக்கு அடியில் கிடக்கும் நூல்துண்டு போதும், பொழுது போய்விடும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

பூனையின் நாக்கில் இருக்கும் சின்னச்சின்ன முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்தே வளைந்திருக்கும். அதனால் வாய்க்குள் போன நூலை அது துப்ப நினைத்தாலும் முடியாது, உள்ளேதான் போகும். ஒரு முனை நாக்குக்கு அடியில் மாட்டிக்கொண்டு மறுமுனை குடலில் இறங்கிவிட்டால், டிராக் பேண்ட்டின் இடுப்பு நாடாவை இழுத்ததும் துணி சுருங்குமே, அதுபோலக் குடல் சுருங்கிவிடும். அப்படியே விட்டால் நூல் குடலை அறுத்துவிடும்.

திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டைத் தொடாமல் இருப்பது, கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வது... இதெல்லாம் தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் பிடித்து இழுக்கவே கூடாது. விளக்கெண்ணெய் கொடுப்பது, சோற்று உருண்டையைத் திணிப்பது போன்ற கைவைத்தியமும் வேண்டாம். வலிக்கு பாராசிட்டமால் கொடுத்தால் அதுவே பூனைக்கு விஷம். பாதி மாத்திரைகூட உயிரை எடுத்துவிடலாம்.

கிளம்பும் முன் மருத்துவமனைக்கு ஒரு போன் செய்து, ஸ்கேன், அறுவை சிகிச்சை வசதி இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது. எக்ஸ்ரேயில் ஊசி தெரியும், நூல் தெரியாது. ஆகவே "நூலைத் தின்றிருக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்வது வீட்டார் பொறுப்பு. கடைசியாக எப்போது சாப்பிட்டது, என்ன மாத்திரை கொடுத்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வயிற்றில் உணவு இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால், வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் கருத்தடை போன்ற ஆபரேஷன் என்றால், எத்தனை மணியிலிருந்து பட்டினி போட வேண்டும் என்று டாக்டரே சொல்வார். குட்டிகளுக்கு அந்த நேரம் குறைவு. நெடுநேரம் பட்டினி கிடந்தால் அவற்றுக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும்.

டூவீலரில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். ஹாரன் சத்தத்தில் பூனை ஒரு துள்ளு துள்ளினால் எல்லாம் முடிந்தது. மூடியுள்ள கூடைதான் சரி. அடியில் வீட்டில் உடுத்திய, துவைக்காத பழைய பனியன் ஒன்று. அந்த வாசனை இருந்தால் புது இடத்திலும் பயம் கொஞ்சம் குறையும்.

வளர்ப்பவருக்கும் தயாரிப்பு வேண்டும். சிகிச்சைக்கு உத்தேசமாக எவ்வளவு ஆகும், இரவில் யாராவது பார்த்துக்கொள்வார்களா, டிரிப்ஸ் முடிந்து வீட்டுக்குக் கூட்டிப்போய் மறுநாள் திரும்ப வரவேண்டுமா என்பதையெல்லாம் கூச்சப்படாமல் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். சனிக்கிழமை சம்பளத்தை நம்பி இருக்கும் குடும்பத்துக்கு இது சின்னக் கேள்வி இல்லை. ஒப்புதல் படிவத்தில் தரும் போன் எண்ணும் முக்கியம். மெஷின் சத்தத்தில் ரிங் கேட்காது. ஷிப்டில் இல்லாத ஒருவரின் எண்ணையும் சேர்த்துத் தரலாம். "நூலை யார் கீழே போட்டது?" என்ற சண்டையை அன்றைக்காவது தள்ளி வைக்கலாம். பெரும்பாலும் அழுதுகொண்டிருப்பது வீட்டுக் குழந்தையாகத்தான் இருக்கும்.

ஆபரேஷன் முடிந்து வந்த அன்று நடை தள்ளாடும். பீரோ மேல், ஜன்னல் மேல் தாவ விடாமல் தரையிலேயே ஒரு மூலையில் படுக்கை போட வேண்டும். சாப்பாடு டாக்டர் சொன்ன அளவில், கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் உடனே சொல்ல வேண்டும். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரல் பாதிக்கும்.

தையல் பிரிக்கும்வரை, அதாவது பெரும்பாலும் 10 முதல் 14 நாள், புண்ணை நக்கவிடக் கூடாது. கழுத்தில் மாட்டும் புனலைப் பொறுக்காத பூனைக்கு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, பனியன் கையை வெட்டி நாலு கால் ஓட்டை போட்டு மாட்டிவிடலாம். இந்த ஊரில் ரிஜெக்ட் பீஸுக்கா பஞ்சம்?

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால், திரும்பி வந்ததன்மேல் அடிக்கும் மருந்து வாடையில் அது அடையாளம் தெரியாமல் சீறும். ஓரிரு நாள் இரண்டையும் வேறு வேறு அறையில் வைத்தால் போதும், பழகிவிடும். அதற்குள் மெஷினுக்கு அடியைக் கூட்டி, நூலையெல்லாம் மூடி போட்ட டப்பாவில் போட்டுவிடலாம்.