இருமினால் வீட்டை விட்டுப் போகும் நாயகிகள்

கொஞ்சம் நீளமான பதிவு. சினிமாவும் இருக்கு, மருத்துவமும் இருக்கு. நேரம் கிடைக்கும்போது பொறுமையா படிங்க.

போன வருசம் ஓ.பி.யில் ஒரு அக்கா வந்தாங்க. நாற்பது வயசு இருக்கும். ரெண்டு மாசமா இருமல், சாயங்காலம் ஆனா காய்ச்சல், போட்டிருந்த ஜாக்கெட் எல்லாம் லூசாயிடுச்சுன்னு சொன்னாங்க. சளிப் பரிசோதனை எடுத்தோம். காசநோய்க் கிருமி இருந்தது.

"பயப்படாதீங்கக்கா. ஆறு மாசம் மாத்திரை. எல்லாமே இலவசம். ஒழுங்கா சாப்பிட்டா குணமாயிடும்"னு ஆரம்பிச்சேன்.

மாத்திரையைப் பத்தி அவங்க ஒரு கேள்வியும் கேக்கல. சொன்னது இது மட்டும் தான்.

"சார், வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க. நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடறேன். என்னால அவங்களுக்கு எதுக்கு சார் கஷ்டம்?"

எங்கேயோ பார்த்த காட்சி மாதிரியே இருந்தது. ராத்திரி வீட்டுக்கு வண்டி ஓட்டிட்டு வரும்போது தான் ஞாபகம் வந்தது.

பாலும் பழமும். 1961. பீம்சிங் இயக்கம்.

சிவாஜி ஒரு டாக்டர். புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்க ஆராய்ச்சி பண்றார். சரோஜாதேவி நர்ஸ், பிறகு மனைவி. அவங்களுக்கு டி.பி. வருது. கணவன் ஆராய்ச்சியை விட்டுட்டு பக்கத்துலயே உக்காந்து கவனிக்கிறார். தன்னால் அவர் லட்சியம் கெட்டுப் போகுதேன்னு அந்த அம்மா வீட்டை விட்டே கிளம்பிடுறாங்க. கடைசியில் குணமாகித் திரும்பி வர்றாங்க. வரும்போது மனைவியா இல்ல. பார்வை இழந்த கணவனைப் பாத்துக்கிற நர்ஸா.

எங்க பாட்டி அந்தப் படத்தை எத்தனை தடவை பாத்து அழுதாங்கன்னு கணக்கே இல்ல. நானும் அழுதிருக்கேன். நல்லா எடுத்த படம், அதுல சந்தேகமில்ல.

ஆனா ஒரு மருத்துவனா இப்ப யோசிச்சா ஒண்ணு உறுத்துது.

அந்தப் படம் வர்றதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி, 1959ல், இதே சென்னையில் நடந்த ஒரு ஆய்வோட முடிவு வெளியாச்சு. 1956ல் தொடங்கின காசநோய் கீமோதெரபி மையம் பண்ணின ஆய்வு. சேத்துப்பட்டுல இன்னைக்கும் இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோட ஆரம்பம் அது தான்.

சென்னையில் இருந்த ஏழை காசநோயாளிகளை ரெண்டு பிரிவா பிரிச்சாங்க. ஒரு பிரிவை சானடோரியத்துல சேர்த்து, நல்ல சாப்பாடு, ஓய்வு, மருந்து. இன்னொரு பிரிவுக்கு அவங்க வீட்டுலயே, அந்த நெருக்கடியான குடிசையிலயே வச்சு அதே மருந்து.

முடிவு என்ன தெரியுமா? வீட்டுல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானாங்க. வீட்டுல வச்சுப் பாத்ததால கூட இருந்த குடும்பத்தாருக்கு நோய் பரவுறது கூடவும் இல்ல. உலகம் முழுக்க காசநோய் சிகிச்சையை சானடோரியத்துல இருந்து வீட்டுக்குக் கொண்டு வந்ததுல நம்ம சென்னை ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதாவது, காசநோயாளி வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லைன்னு சென்னை விஞ்ஞானம் நிரூபிச்சிருச்சு. ரெண்டு வருசம் கழிச்சு சென்னை சினிமா, நாயகியை வீட்டை விட்டு அனுப்பி வச்சது. ஊரே அதைத் தியாகம்னு கையெடுத்துக் கும்பிட்டது.

இப்ப அடுத்த வருசத்துக்கு வாங்க.

1962. ஸ்ரீதரோட நெஞ்சில் ஓர் ஆலயம். இதுவும் ஆஸ்பத்திரிக் கதை தான். இங்க நோயாளி ஆண். முத்துராமனுக்குப் புற்றுநோய். மனைவி தேவிகா படுக்கை பக்கத்துலயே இருக்காங்க. அவங்களோட பழைய காதலன் கல்யாண்குமார் தான் டாக்டர். அந்த நோயாளியைப் பிழைக்க வைக்கத் தன் உயிரையே தேய்ச்சு உழைச்சு, கடைசியில் செத்தும் போறார்.

ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

ஆணுக்கு நோய் வந்தா ஒரு ஆஸ்பத்திரியே அவனைச் சுத்தி நிக்குது. பெண்ணுக்கு நோய் வந்தா, சுத்தி நிக்கிறவங்களுக்குத் தான் தொந்தரவா இருக்கோமேன்னு அவளே எழுந்து போயிடறா.

ஆரம்பத்துல இருந்தே நம்ம நாயகிகள் இப்படித் தான் இருந்தாங்களான்னு கேட்டா, இல்ல. 1939ல் கே. சுப்ரமணியம் எடுத்த தியாக பூமியில், கொடுமைப்படுத்திய கணவன் "என்னோட வந்து வாழு"ன்னு கோர்ட்டுக்குப் போறப்ப, நாயகி சாவித்திரி முடியாதுன்னு சொல்லுவா. வேணும்னா உனக்கு நான் ஜீவனாம்சம் தர்றேன்னும் சொல்லுவா. 1939ல்! வருசம் போகப் போகப் பெண்களை முன்னேத்திக் காட்டியிருக்கோம்னு நாம நினைக்கிறோம். நடுவுல ரிவர்ஸ் கியரும் போட்டிருக்கோம்.

சரி, அடுத்தது மயக்கம்.

நாயகி தலை சுத்தி விழுவா. குடும்ப டாக்டர் பெட்டியோட வருவார். மணிக்கட்டைப் பிடிப்பார். சிரிப்பார். எழுந்து போய், வெளியில நிக்கிற கணவனுக்குக் கை கொடுத்து "நீங்க அப்பாவாகப் போறீங்க"ன்னு சொல்லுவார்.

இதுல ரெண்டு தப்பு.

ஒண்ணு, நாடி பிடிச்சுக் கர்ப்பத்தை உறுதி பண்ண முடியாது. அதுக்கு சிறுநீர் பரிசோதனை இருக்கு. என்கிட்ட ஒரு பெண் மயக்கம்னு வந்தா நான் முதல்ல பாக்குறது கீழ் இமையைத் தான். உள்பக்கம் வெளுத்திருக்கான்னு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல 15லிருந்து 49 வயசுக்குட்பட்ட பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல! ஆனா எனக்குத் தெரிஞ்சு எந்த நாயகியும் மயங்கி விழுந்து, டாக்டர் வந்து, "ஹீமோகுளோபின் எட்டு தான் இருக்கு, வீட்டுல எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைத் தானே சாப்பிடுறீங்க?"ன்னு கேட்ட படம் இல்ல.

ரெண்டாவது தப்பு தான் பெரிசு. மயங்கி விழுந்தது அவ. ரிசல்ட் போனது அவனுக்கு.

இந்த ரெண்டாவது விசயம் நம்ம படங்கள்ல திரும்பத் திரும்ப வரும். 2005ல் வந்த சந்திரமுகி. நோயாளி ஜோதிகா. அவங்களுக்கு என்ன பிரச்சனைன்னு டாக்டரா வர்ற ரஜினிக்குத் தெரியும், அப்புறம் கணவன் பிரபுவுக்குத் தெரியும், கடைசியில் பங்களாவில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். சிகிச்சை நடக்கும்போது கங்காவுக்கு மட்டும் தெரியாது. நடிப்பு அபாரம். ஆனா அந்த அம்மாகிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?

மூன்றாம் பிறை, 1982. விபத்துல தலையில் அடிபட்டுக் குழந்தை மாதிரி ஆயிட்ட ஸ்ரீதேவி முழுசா குணமாகி, அப்பா அம்மாவோட ரயில் ஏறிப் போறாங்க. கேஸ் ஷீட் எழுதினா: பூரண குணம், டிஸ்சார்ஜ். ஒரு மருத்துவனா நான் துள்ளிக் குதிக்கணும். ஆனா நானும் உங்களோட சேர்ந்து பிளாட்ஃபாரத்துல நிக்கிற கமலுக்காகத் தான் அழுதேன். அது பாலு மகேந்திராவோட திறமை, குறை சொல்லல. நோயாளி பெண்ணா இருந்தாலும் கதை யாருடையதுன்னு மட்டும் கவனிங்க.

அப்புறம் 2017. அருவி.

எச்.ஐ.வி. வந்த பெண். குடும்பம் அவ சொல்றதை நம்பாம வீட்டை விட்டு வெளியில தள்ளுது. 1961ல் நாயகி தானா போனா, 2017ல் துரத்துறாங்க. இதுல என்ன முன்னேற்றம்னு கேக்கலாம். முன்னேற்றம் இருக்கு. இவ போனதைப் படம் தியாகம்னு சொல்லல, அநியாயம்னு சொல்லுது. இவ டி.வி. கேமரா முன்னாடி நின்னு தன் நோயைத் தன் வாயால சொல்றா. கதை கடைசி வரைக்கும் அவளோடது.

ஆனாலும் ஒரு ஆதங்கம். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து 2004லிருந்து அரசு மருத்துவமனைகள்ல இலவசமா கிடைக்குது. தினமும் மாத்திரை போட்டுக்கிட்டு, வேலைக்குப் போய்க்கிட்டு, பேரன் பேத்தி எடுத்து வாழ்றவங்களை எங்க ஓ.பி. வரிசையில் நான் பாக்குறேன். மாத்திரை போட்டுக்கிட்டு சாதாரணமா வாழ்ற நாயகி திரைக்கு எப்ப வருவா?

"சினிமா தானே சார், அதைப் பாத்தா பொம்பளைங்க நோயை மறைக்கிறாங்க?"ன்னு கேப்பீங்க.

நியாயமான கேள்வி. அந்த அக்கா பாலும் பழமும் பாத்திருக்காங்களான்னே எனக்குத் தெரியாது. நோயை மறைக்கிற வழக்கத்தை சினிமா உண்டாக்கல. அது ஏற்கனவே வீட்டுல இருந்தது. சினிமா பண்ணினது, அந்த வழக்கத்துக்கு மாலை போட்டுப் பூஜை பண்ணினது. வலியைச் சொல்லாதவ நல்லவ, சொல்றவ "எப்பப் பாரு சீக்கு"ன்னு பேர் வாங்குறவ. மார்புல கட்டி தெரிஞ்சு ஒன்றரை வருசம் கழிச்சு வர்ற அம்மாகிட்ட "ஏம்மா இவ்ளோ நாள்?"னு கேட்டா, "பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்"னு பதில் வருது. சொல்லும்போது அவங்க முகத்துல கொஞ்சம் பெருமை கூட இருக்கும். அந்தப் பெருமை தான் என்னைப் பயமுறுத்துது.

சினிமாவை மட்டும் குத்தம் சொல்லிட்டு நான் தப்பிக்கக் கூடாது. இதையும் சொல்லிடறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு அம்மாவோட பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய். நான் அவங்க கணவரையும் மகனையும் தனியா கூப்பிட்டுச் சொன்னேன். "அம்மாகிட்ட சொல்லாதீங்க சார், தாங்க மாட்டாங்க"ன்னு மகன் கேட்டார். நானும் சரின்னுட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புற அன்னைக்கு அந்த அம்மா என் மேசைகிட்ட வந்து மெதுவா கேட்டாங்க.

"தம்பி, எனக்கு என்னன்னு எல்லாருக்கும் தெரியுது. எனக்கு மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

என்கிட்ட பதில் இல்ல. பெட்டியோட வர்ற அந்த சினிமா டாக்டருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்னு அன்னைக்குத் தான் தோணுச்சு.

அதுக்கப்புறம் ஒரு பழக்கம் வச்சிருக்கேன். ரிப்போர்ட்டை முதல்ல நோயாளிகிட்ட தான் சொல்றது. "கூட வந்தவங்களைக் கூப்பிடலாமா?"ன்னு அவங்ககிட்டயே கேக்குறது. ஓ.பி.யில் நூறு பேர் நிக்கும்போது இது கஷ்டம் தான். ஆனா ரெண்டு நிமிசம் தான் கூட ஆகுது.

அந்த டி.பி. அக்காகிட்டயும் அப்படித் தான் கேட்டேன். ரொம்ப யோசிச்சாங்க. அப்புறம் "நீங்களே பக்குவமா சொல்லுங்க சார்"னாங்க. அடுத்த நாள் கணவரைக் கூட்டிட்டு வந்தாங்க. கட்டட வேலை பாக்குறவர். மூணு விசயம் சொன்னேன்.

மருந்து ஆரம்பிச்சுட்டா நோய் பரவுற தன்மை வேகமா குறையும். முதல் சில வாரம் இருமும்போது வாயை மூடிக்கணும், ஜன்னலைத் திறந்து வைக்கணும்.

இது காத்து வழியா பரவுறது. தட்டு, டம்ளரைத் தனியா வைக்க வேண்டியதில்ல. பிள்ளைங்களையும் உங்களையும் பரிசோதிச்சுட்டு, தேவைப்பட்டா தடுப்பு மாத்திரை தருவோம்.

சத்தான சாப்பாடு முக்கியம். சிகிச்சை முடியிற வரை மாசம் 1,000 ரூபாய் அரசாங்கம் அவங்க வங்கிக் கணக்குல போடும். அது அவங்க சாப்பாட்டுக்கு.

அவர் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னார்: "சோறு நான் வடிச்சிடுவேன் சார். குழம்பு தான் வைக்கத் தெரியாது."

அந்த அக்கா சிரிச்சாங்க. அம்மா வீட்டுக்குப் போகல. ஆறு மாசம் முடிச்சாங்க. எடை ஐந்து கிலோ கூடியிருக்கு.

ஒரு நல்ல படத்துக்கு இந்தக் கதை போதாதா?

முடிக்கும் முன்னாடி, உங்க வீட்டுப் பெண்களுக்காக:

ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனைகள்ல இலவசம்.

அடிக்கடி மயக்கம், மூச்சு வாங்குதுன்னா ஹீமோகுளோபின் பாருங்க.

முப்பது வயசு தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல மார்பகம், கருப்பை வாய்ப் பரிசோதனை பண்றாங்க. வலி இல்லைன்னாலும் போகணும்.

கடைசியா, அம்மாவையோ மனைவியையோ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறவங்களுக்கு. டாக்டர் "என்ன பண்ணுது?"ன்னு கேட்டதும் நீங்க பதில் சொல்லாதீங்க. அவங்க பேசட்டும்.