முப்பத்தோராவது ஆட்டுக்கு விலையில்லையா?

மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்று பொருள் கண்டவன் தமிழன். அச்செல்வம் மடிந்தால் அதற்கு ஈடு எவ்வளவு என்பதை மட்டும் இன்று அவன் தில்லியைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டியுள்ளது.

பேரிடரில் இறக்கும் கால்நடைகளுக்கான துயர்துடைப்புத் தொகையை வரையறுப்பது நடுவணரசு. 2022-26 ஆண்டுகளுக்கென அது வகுத்த நெறிமுறையில் கறவை மாட்டுக்கு 37,500 உருபா. ஆட்டுக்கு 4,000 உருபா. முன்பு இவை 30,000, 3,000 என இருந்தன. 2023 இறுதியில் தமிழ்நாட்டரசும் இத்தொகைகளையே அறிவித்தது. தொகை கூடியது மெய்தான். ஆனால், அந்நெறிமுறையிலேயே ஒரு பூட்டும் உண்டு. ஒரு குடும்பத்துக்குக் கறவை மாடாயின் மூன்று, ஆடாயின் முப்பது. அதற்குமேல் எத்தனை செத்திருந்தாலும் கணக்கில் வாரா.

இக்கணக்கைப் போட்டவர்கள் சிவகங்கை மண்ணை மிதித்தவர்களாக இருக்க முடியாது. காரைக்குடியைச் சூழ்ந்த ஊர்களும் மானாமதுரைப் பக்கமும் வானம் பார்த்த நிலங்கள். இங்குள்ள கீதாரிகள், அறுவடை முடிந்ததும் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு சோழநாட்டு வயல்கள்வரை நடப்பவர்கள். இரவில் வயலில் கிடை அமர்த்தி, அந்த எருவுக்குக் கிடைக்கும் கூலியில் வாழ்பவர்கள். கிடையென்றால் நூற்றுக்கணக்கில் ஆடுகள் நிற்கும். சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூரின் பெயரையே தாங்கிய புலிக்குளம் மாடும் கிடைமாடே. மூன்று மாட்டை வைத்துக்கொண்டு எவன் கிடை போடுவான்?

குடும்ப அட்டை ஓரூரில், செத்த ஆடு வேறூரில். பழக்கமில்லாத ஊரில் யாரிடம் போய்ச் சான்று கேட்பது?

வறட்சியில் நிலை இன்னும் கொடிது. 2017-இல் தமிழ்நாடு முழுவதும் வறட்சிப் பகுதியென அறிவிக்கப்பட்டபோது, கிலோ 2 உருபாவுக்கு உலர்தீனி விற்றார்கள். நல்ல செயலே. ஆயினும், தீனிக்கு வழியின்றி மாட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டவனுக்கு நெறிமுறையில் இடமேயில்லை. மாடு செத்தால்தான் பணம். சாகுமுன் விற்றால் ஒன்றுமில்லை!

மாநிலப் பேரிடர் நிதியில் நடுவணரசின் பங்கு 75 விழுக்காடு என்று பெருமை பேசுவார்கள். 2018-இல் கசாப் புயல் புதுக்கோட்டையையும் சிவகங்கையையும் உலுக்கிப் போனபின் தமிழ்நாடு கேட்டது ஏறத்தாழ 15,000 கோடி. தில்லி ஒப்பியது 1,146 கோடி. அப்பணமும் தமிழனின் வரிப்பணந்தானே?

தில்லியைச் சாடிவிட்டுத் தமிழ்நாட்டரசு ஒதுங்கிக்கொள்ளவும் இயலாது. நெறிமுறைக்கு மேல் தன் கருவூலத்திலிருந்து கொடுக்க அதற்குத் தடையேதுமில்லை. முப்பத்தோராவது ஆட்டிலிருந்து அது கொடுக்கட்டும். கிடை எம்மாவட்டத்தில் நின்றாலும் அவ்விடத்துக் கால்நடை மருத்துவரின் சான்றே போதுமென ஆணையிடட்டும். செட்டிநாட்டில் அரசின் கால்நடைப் பண்ணையே இருக்கிறது. அடுத்த வறட்சிக்கு முன்பே தீனி சேர்த்துவைக்க வேறிடம் தேட வேண்டியதில்லை.