கற்பூரவள்ளியைக் கொல்வது வறட்சியல்ல!

புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசல் போன்ற வானம் பார்த்த ஊர்களில், தண்ணீர் இல்லையென்று கொல்லையைத் தரிசாகப் போடுவோர் உண்டு. இது சரியல்ல. ஒரு கற்பூரவள்ளிக்காவது இடம் தரவேண்டும். அது வறட்சி தாங்கும். பாத்திரம் கழுவிய நீர் தேங்கும் இடத்தில்தான் வேர் அழுகிச் சாகும்.

ஒரு சாண் தண்டை ஒடித்து, அடியிலைகளைக் கிள்ளி, செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்த மேட்டில் நடவேண்டும். சுமார் மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். பிறகு மண் காய்ந்தபின் நீர் விட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் வடிய வழி வேண்டும். நுனி கிள்ளினால் புதராகத் தழைக்கும்.

பட்டணத்தில் பீட்சாவில் தூவும் ஆரிகனோவும் இதுவும் துளசிக் குடும்பமே. கார்வக்ரால் என்னும் மணப்பொருள் இரண்டிலும் உண்டு. சளிக்குக் கஷாயம், மாலையில் பஜ்ஜி இரண்டும் கொல்லையிலேயே கிடைக்கும். விடாத இருமலுக்கு மட்டும் மருத்துவரிடம் காட்டுவதே முறை.