பழைய காருக்குப் புது இருதயம்!

மனிதனுக்கு இருதயம் கெட்டுப்போனால் வேறு இருதயம் பொருத்துகிறார்கள். கார் மட்டும் என்ன பாவம் செய்தது? அதன் பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு, சக்தி மிகுந்த "டர்போ" என்ஜினைப் பொருத்த முடியாதா?

முடியும். தாராளமாக முடியும். சைதாப்பேட்டைச் சந்து ஒன்றில் இருக்கும் சின்னப் பட்டறையிலேயே முடியும். ஒரு செயின் பிளாக், ஒரு வெல்டிங் மெஷின், அனுபவம் உள்ள ஒரு மெக்கானிக், கை வேலைக்கு இரண்டு பையன்கள். இவ்வளவு இருந்தால் போதும். பழைய என்ஜின் வெளியே வந்துவிடும். புதியது உள்ளே போய்விடும்.

ஆனால் கேள்வி அதுவல்ல. அப்படி மாற்றிய காரை, பெண்களும் பிள்ளைகளும் நடமாடும் ரோட்டில் ஓட்டலாமா? அதுதான் கேள்வி.

இன்றைய நிலையில் ஓட்டக்கூடாது என்பதே நமது கருத்து. அதே சமயம், இந்தக் கைவேலையை அடியோடு ஒழித்துவிடவும் கூடாது. அதற்கு ஒழுங்கான ஒரு வழியை அரசாங்கம் திறந்துவிட வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

துருத்தி ஊதும் என்ஜின்

முதலில், டர்போ என்றால் என்ன?

கொல்லன் உலையைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பு அதேதான். கரியும் அதேதான். ஆனால் துருத்தியை அழுத்தி ஊதினால் நெருப்பு சீறிக்கொண்டு எழும். காரணம், காற்று.

என்ஜினும் ஓர் உலைதான். அதற்குள் காற்றை அதிகமாகத் திணித்தால், பெட்ரோலையும் அதிகமாக எரிக்கலாம். சக்தி பெருகும். அப்படிக் காற்றைத் திணிக்கும் துருத்தியின் பெயர்தான் டர்போ.

இந்தத் துருத்தியை ஊதுவது யார்? என்ஜின் கக்கும் புகையே ஊதுகிறது! வீணாக வெளியே போகும் புகை, ஒரு சிறிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக்காற்றை இழுத்து என்ஜினுக்குள் தள்ளுகிறது. இந்தச் சக்கரங்கள் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேலும் சுற்றும்.

சுவிட்சர்லாந்து நாட்டு என்ஜினீயர் ஆல்பிரட் பூக்கி என்பவர் 1905-ம் ஆண்டிலேயே இதற்கு உரிமைப் பதிவு பெற்றார். 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல், செவர்லே என்ற இரண்டு பெயர்களில் டர்போ பொருத்திய கார்கள் விற்பனைக்கு வந்தன. இன்று அது சாதாரணமாகிவிட்டது. சென்னையை அடுத்த பையனூரிலேயே டர்போ தயாரிக்கும் தொழிற்சாலை இருக்கிறது.

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் டர்போ என்ஜினை ஏற்றும் மோகம் வெளிநாடுகளில் அதிகம். 1970-களில் ஓடிய "டாட்சன் இசட்" என்ற ஜப்பானியக் கார் ஒன்று உண்டு. அதன் ஆறு சிலிண்டர் என்ஜினை எடுத்துவிட்டு, நிசான் சில்வியா காரின் நாலு சிலிண்டர் டர்போ என்ஜினை வைப்பவர்கள் பலர்.

நம் நாட்டில் அசல் ஸ்போர்ட்ஸ் கார் அபூர்வம். ஆகவே, நம் வாலிபர்களின் கண் "கான்டெசா" மீது விழுகிறது. நீண்ட முகம், அகன்ற உடம்பு, ராஜ நடை. "இதற்குள் ஒரு டர்போ என்ஜின் இருந்தால்!" என்று மனம் துள்ளுகிறது.

பெருங்களத்தூர் சொல்லும் பாடம்

உடம்பு ஒன்று, என்ஜின் வேறொன்று என்றால் என்ன ஆகும்? இதற்குப் பதில் தேடி வெளிநாடு போக வேண்டாம். சைதாப்பேட்டைப் பாலத்தைத் தாண்டி, கிண்டி வழியாகத் தாம்பரம் கடந்து, பெருங்களத்தூர் வரை போனால் போதும்.

அங்கேதான் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. "ஹெரால்டு" கார் அங்கே பிறந்ததுதான். 1985-ல் அந்தக் கம்பெனி "ஸ்டாண்டர்டு 2000" என்ற காரை வெளியிட்டது. பார்க்க அழகான கார். இங்கிலாந்தில் 1976-ல் வந்த ரோவர் காரின் உடம்பு அது. அந்த ரோவர், 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த காராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் பெரிய என்ஜினில் எட்டு சிலிண்டர்கள். 150 குதிரை சக்திக்கு மேல் இருந்தது.

பெருங்களத்தூரில் அந்த உடம்புக்குள் என்ன வைத்தார்கள்? 1940-களில் உருவான "வான்கார்டு" இனத்தைச் சேர்ந்த இரண்டு லிட்டர் என்ஜினை! அதன் சக்தி சுமார் 80 குதிரை சக்திதான். அசல் ரோவரில் கிட்டத்தட்ட பாதி.

விலையோ அதிகம். வாங்கியவர்கள் எதிர்பார்த்த வேகம் இல்லை. பெட்ரோலையும் நிறையக் குடித்தது. மூன்றே ஆண்டுகள். 1988-ல் காரின் கதை முடிந்தது. கார்கள் வரிசையாக வெளிவந்த அந்த இடத்தில், பின்னாளில் ஐ.டி. அலுவலகக் கட்டிடங்கள் எழுந்தன.

அந்த என்ஜின் மட்டமானதா? இல்லவே இல்லை. அதே இன என்ஜின் இங்கிலாந்தில் டிராக்டரை இழுத்தது. "டிரையம்ப்" என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் ஏறி, மணிக்கு 160 கிலோமீட்டர் வேகமும் ஓடியது. எடை குறைந்த காருக்கு அது பொருத்தம். கனமான ரோவர் உடம்புக்குப் பொருந்தவில்லை. மாப்பிள்ளையும் நல்லவர், பெண்ணும் நல்லவள். ஆனால் ஜாதகம் பொருந்தவில்லை!

கான்டெசா கதை வேறு. 1984-ல் அது வந்தபோது, 50 குதிரை சக்தி உள்ள பழைய என்ஜின்தான் அதில் இருந்தது. "யானைக்கு ஆட்டின் கால்" என்று சொல்லும்படி இருந்தது. பிறகு அதே கம்பெனி ஜப்பானிய "இசூசு" என்ஜினை வைத்தது. சக்தி 88 ஆக உயர்ந்தது. என்ஜினை மட்டும் மாற்றிவிட்டுக் கம்பெனி சும்மா இருக்கவில்லை. ஐந்து கியர் உள்ள புது கியர் பாக்ஸையும் சேர்த்து வைத்தது. கார் பிழைத்தது. 2002 வரை தயாரானது.

இரண்டு கதையும் சொல்வது ஒன்றே. என்ஜின் மட்டும் கார் ஆகாது.

ஓடுவது பெரிதல்ல, நிற்பதே பெரிது

80 குதிரை சக்திக்காகச் செய்த காரில் 200 குதிரை சக்தியை ஏற்றினால், என்னென்ன மாற வேண்டும் தெரியுமா?

கிளட்ச் தாங்காது. கியர் பாக்ஸ் தாங்காது. பின் ஆக்சில் முறுக்கிக்கொள்ளும். டர்போ என்ஜினின் புகை 800 டிகிரிக்கு மேல் கொதிக்கும். பழைய ரேடியேட்டர் ஈடு கொடுக்காது. சூடான குழாய்க்குப் பக்கத்தில் பெட்ரோல் குழாய் ஓடினால், நெருப்பை மடியில் கட்டிக்கொண்ட மாதிரிதான். புதிய என்ஜினுக்குக் கம்ப்யூட்டர் பெட்டி வேண்டும். அதற்கு ஒழுங்கான வயரிங் வேண்டும்.

இவற்றை எல்லாம்விட முக்கியம் பிரேக்.

ஒரு சின்னக் கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரை, பிரேக் பிடித்து நிறுத்த 15 மீட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எத்தனை மீட்டர் வேண்டும்? 30 என்பீர்கள். தவறு. 60 மீட்டர் வேண்டும்! வேகம் இரண்டு மடங்கானால், நிற்கும் தூரம் நாலு மடங்காகும். இது இயற்கையின் சட்டம்.

100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு 28 மீட்டர் தாண்டுகிறது. நீங்கள் கண்ணைச் சிமிட்டி, காலைத் தூக்கி பிரேக் மீது வைப்பதற்குள், ஒரு கல்யாண மண்டபத்தின் நீளம் ஓடிப்போய்விடும்.

இப்போது சைதாப்பேட்டை அண்ணா சாலையை நினைத்துப் பாருங்கள். கோர்ட்டுக்குப் போகிறவர் அவசரமாக ரோட்டைக் கடக்கிறார். பஸ்சை விட்டு இறங்கிய பாட்டி பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மறைமலை அடிகள் பாலத்தை நோக்கி வண்டிகள் நெருக்குகின்றன. அங்கே 200 குதிரை சக்தி எதற்கு? பழைய பிரேக்கோடு அந்தக் கார் பாய்ந்து வந்தால், அந்தப் பாட்டிக்கு யார் பொறுப்பு?

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு இதைப் பற்றியது. கம்பெனி குறிப்பிட்டபடி ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக, வண்டியை மாற்றக்கூடாது. கெட்டுப்போன என்ஜினுக்குப் பதில் அதே கம்பெனியின் அதே வகை என்ஜினை வைப்பது வேறு விஷயம். அதற்கும் அனுமதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். கேஸ் அல்லது மின்சாரத்தில் ஓடும்படி மாற்ற, அங்கீகாரம் பெற்ற "கிட்" பொருத்தலாம். அதற்கும் நிபந்தனைகள் உண்டு.

2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதி செய்தது. கம்பெனி வடிவமைத்ததற்கு மாறாக வண்டியைத் திருத்த இடம் இல்லை என்று தீர்ப்புக் கூறியது. அதே ஆண்டில் திருத்திய சட்டப்படி, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றினால் ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு. இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

பெற்றோர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு என்ஜின், காருக்குள் வேறு என்ஜின் என்றால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். நஷ்ட ஈடு உங்கள் தலையில் விழலாம். பிள்ளையின் ஆசைக்காக வீட்டுப் பத்திரமே அடகுக் கடைக்குப் போகும் நிலை வரலாம்.

பழைய காரின் மதிப்பும் போய்விடும். 50 வயது தாண்டிய காரைப் புராதன வாகனமாகப் பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. சேசிஸ், உடம்பு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்த கார் அந்தப் பெருமையைப் பெற முடியாது. தாத்தா ஓட்டிய காரை அசல் என்ஜினோடு காப்பாற்றினால் அது சொத்து. குடலை உருவி மாற்றினால் அது வெறும் கூடு.

கைத்திறனைக் கொல்லலாமா?

அப்படியானால் இந்த வாலிபர்களை விரட்டிவிட வேண்டுமா? கூடாது.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் கார் பந்தயம் நடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை நடத்தியது. என்ஜினைப் பிரித்து மேய்ந்தவர்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

கோவை கரிவரதன் அந்தப் பள்ளிக்கூடத்தில் தேறியவர். 40 குதிரை சக்திகூட இல்லாத மாருதி 800 என்ஜினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காரில் வைத்தார். "ஃபார்முலா மாருதி" பிறந்தது. பெரும் பணக்காரர்களின் விளையாட்டு, நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கும் எட்டும் தூரத்துக்கு வந்தது. அந்தக் காரை ஓட்டிப் பழகிய கோவை வாலிபர் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

என்ஜின் மாற்றும் வித்தை சரியான இடத்தில் நடந்தால், எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கு இது சாட்சி. அந்த இடம் பந்தயப் பாதை. சைதாப்பேட்டையிலிருந்து பெங்களூர் ரோட்டில் போனால், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அப்படி ஒரு பாதை இருக்கிறது. அங்கே பாட்டி ரோட்டைக் கடப்பதில்லை.

அரசாங்கம் செய்ய வேண்டியது

ஜெர்மனி நாட்டில் இப்படிக் காரை மாற்றுகிறவர், அதைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். என்ஜினீயர் பிரேக்கைப் பார்ப்பார். புகையைப் பார்ப்பார். வெல்டிங்கைப் பார்ப்பார். எல்லாம் சரி என்றால் காரின் பத்திரத்தில் பதிவு செய்வார்கள். இல்லை என்றால் கார் ரோட்டுக்கு வர முடியாது.

நம்மால் ஏன் முடியாது? சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் மத்திய அரசின் நவீன வாகனப் பரிசோதனை மையமே இருக்கிறது. குறிப்பிட்ட காரியத்துக்காக விலக்கு அளிக்கும் அதிகாரமும் 52-வது பிரிவிலேயே மத்திய அரசுக்கு இருக்கிறது. இந்த இரண்டையும் இணைத்து ஒரு விதி செய்யலாம். என்ஜினுக்குத் தக்கபடி பிரேக்கையும் ஆக்சிலையும் மாற்றியவருக்கு, சோதித்துப் பார்த்து அனுமதி கொடுக்கலாம். குறை இருந்தால் திருப்பி அனுப்பலாம்.

இதனால் இரண்டு நன்மை. திருட்டுத்தனமாக நடக்கும் வேலை வெளிச்சத்துக்கு வரும். கைத்திறன் உள்ள மெக்கானிக், போலீசுக்குப் பயப்படாமல் தொழில் செய்வார். இன்றைய புதுக் கார்களில் பாதி வேலையைக் கம்ப்யூட்டரே செய்கிறது. உலோகத்தைத் தொட்டுப் பார்த்து நோயைச் சொல்லும் கைகள் குறைந்து வருகின்றன. அந்தக் கைகளை இழந்தால் திரும்பப் பெறுவது கஷ்டம்.

அந்த விதி வரும்வரை, வாலிபர்களுக்கு நாம் சொல்வது இதுதான். டர்போ மீது ஆசைப்படுங்கள். அதைக் கற்றுக்கொள்ளுங்கள். என்ஜினை மாற்றும் முன் பிரேக்கைப் பலப்படுத்துங்கள். மாற்றிய காரை லாரியில் ஏற்றிப் பந்தயப் பாதைக்குக் கொண்டுபோய் ஓட்டுங்கள்.

அண்ணா சாலை எல்லோருக்கும் சொந்தம். அங்கே ஓடும் காருக்கு வேகமான இருதயம் தேவையில்லை. கட்டுப்பாடான கால் போதும்.